டெபாசிட் கட்டுவதற்கு முன் அந்த லிங்க்கைத் திறந்து படியுங்கள்

கேள்வி: நாங்கள் கரூர். வீட்டுக்காரர் டெக்ஸ்டைல் யூனிட் ஒன்றில் சூப்பர்வைசர். மகள் கோவையில் பி.இ. கம்ப்யூட்டர் சயன்ஸ் கடைசி செமஸ்டர் எழுதி முடித்திருக்கிறாள், ரிசல்ட் இன்னும் வரவில்லை. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் வரும் செப்டம்பருக்கு எம்.எஸ்சி. டேட்டா சயன்ஸ் படிப்பில் இடம் கொடுத்திருக்கிறது. 'வித் பிளேஸ்மென்ட் இயர்' என்று போட்டு மொத்தம் இரண்டு வருடம். கட்டணம் 18,500 பவுண்டு, அதில் 3,000 பவுண்டு ஸ்காலர்ஷிப். பத்து நாளுக்குள் 5,000 பவுண்டு டெபாசிட் கட்டி 'அக்செப்ட்' கொடுக்க வேண்டுமாம். ஆஃபர் லெட்டர் இரண்டு பக்கம்தான். ஆனால் அதன் அடியில் விதிமுறைகள் என்று ஒரு லிங்க் இருக்கிறது, திறந்தால் முப்பது பக்கத்துக்கு மேல் போகிறது. கன்சல்டன்சியில் கேட்டால், "எல்லாருக்கும் அதேதான் மேடம், டிக் பண்ணிடுங்க" என்கிறார்கள். டெபாசிட்டுக்கு நகையை வைக்கப் போகிறோம், மீதிக்கு வீட்டுப் பத்திரத்தை வைத்து பேங்க் லோன். அந்த முப்பது பக்கத்தில் நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

— ஒரு தாய், கரூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். மகளுக்கு என் வாழ்த்துகள். நகையை அடகு வைப்பதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பணத்தைக் கட்டி, ஏதோ ஒன்று தவறிப்போன பிறகுதான் அந்த லிங்க்கைத் திறக்கிறார்கள்.

உங்கள் கையில் இருக்கும் இரண்டு பக்கக் கடிதத்தில் படிப்பு, கட்டணம், தேதி எல்லாம் இருக்கும். ஏதாவது மாறினால் நஷ்டம் யாருடையது என்பது அந்த முப்பது பக்கத்தில்தான் இருக்கும். மகள் 'அக்செப்ட்' கொடுத்த அந்த நொடியே அவளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டுவிடுகிறது. படித்துப் பார்க்கவில்லை என்று பிறகு சொல்லிப் பயனில்லை. ஆனால் முப்பது பக்கத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உங்கள் விஷயத்தில் பணம் மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள் சிலதான். அவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் டெபாசிட். விதிமுறைகளில் ரீஃபண்ட் என்ற தலைப்பைத் தேடுங்கள். சில பல்கலைக்கழகங்கள் அதைத் தனி ஆவணமாக வைத்து, அதற்கும் ஒரு லிங்க் கொடுத்திருப்பார்கள். கல்யாண மண்டபத்துக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் மாதிரிதான் இதுவும். வேண்டாம் என்று நீங்களாக விலகினால் பொதுவாகத் திரும்ப வராது. எந்தக் காரணத்துக்குத் திருப்பித் தருவார்கள் என்பதை மட்டும் எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத காரணம் என்றால் பணம் போனதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

"விசா ரிஜெக்ட் ஆனால் முழுப் பணமும் திரும்பி வரும்" என்று கன்சல்டன்சியில் சொல்லியிருப்பார்கள். பாதி சரி. அந்த வாக்கியத்துக்கு அடுத்த வரியையும் படிக்க வேண்டும். போலி ஆவணம் கொடுத்ததால் மறுக்கப்பட்டால் கிடையாது என்று இருக்கும், அது நியாயம்தான். ஆனால் பல இடங்களில் அதோடு நிற்காது. விசாவுக்குத் தாமதமாக விண்ணப்பித்தது, பேங்க் ஆவணம் விதிப்படி இல்லாதது, பல்கலைக்கழகம் சொன்ன அறிவுரையைப் பின்பற்றாதது என்று மாணவர் பக்கத் தவறுகளையும் சேர்த்திருப்பார்கள். ஸ்டேட்மென்ட்டில் ஒரு நாள் பேலன்ஸ் குறைந்ததற்காக விசா போனால் அதுவும் மாணவர் தவறு என்றே கணக்கு. நிர்வாகச் செலவு என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறவர்களும் உண்டு. ரீஃபண்டுக்கு எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கெடுவும் அங்கேயே இருக்கும்.

கண்டிஷனில் தவறினால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். மகளுக்கு ரிசல்ட் வரவில்லை என்பதால் இது கண்டிஷனல் ஆஃபராகத்தான், அதாவது சில நிபந்தனைகளை முடித்தால் மட்டுமே உறுதியாகும் இடமாகத்தான் இருக்கும். எதிர்பார்த்த மதிப்பெண் வராவிட்டால் டெபாசிட் திரும்புமா? ஒரு அரியர் விழுந்து, சர்டிபிகேட் கெடு தேதிக்குள் வராவிட்டால்? இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிற பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மகளின் மதிப்பெண் பட்டியலில் சிஜிபிஏ இருக்கும், ஆஃபர் லெட்டரில் 60 சதவீதம் என்று இருக்கலாம். எந்தக் கணக்கில் மாற்றுவார்கள் என்று இப்போதே கேட்டுவிடுங்கள். ஆங்கிலத்துக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை ஏற்றிருக்கிறார்களா, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வைக் கேட்கிறார்களா என்பதும் இதே பகுதியில் இருக்கும்.

இங்கே உங்களுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, நேரில் வராமல் தொலைவிலிருந்து செய்யப்படும் ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். பல்கலைக்கழகங்கள் இதைத் தங்கள் விதிமுறைகளிலேயே 'ரத்து செய்யும் உரிமை' என்ற பெயரில் எழுதியிருப்பார்கள். அந்த 14 நாள் 'அக்செப்ட்' கொடுத்த தேதியிலிருந்தா, டெபாசிட் கட்டிய தேதியிலிருந்தா என்று பார்த்து, கடைசி நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதற்குள் மனம் மாறினால் எழுத்தில் தெரிவித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஏஜென்ட்கள் இதைப் பற்றிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

அடுத்து, ஆஃபர் லெட்டரிலேயே இருக்கிற ஒரு வரி. படிப்பு நடக்கும் இடம். பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு ஊர் இருக்கும், வகுப்பு நடப்பது லண்டன் வளாகத்தில் என்று சின்னதாகப் போட்டிருக்கும். இங்கிலாந்தின் பல ஊர்ப் பல்கலைக்கழகங்கள் லண்டனில் கிளை வளாகம் வைத்திருக்கின்றன. சிலவற்றை ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து நடத்துகிறார்கள். அது தவறில்லை. டிகிரியில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் வரும். ஆனால் நூலகம், ஆய்வகம், ஹாஸ்டல் எல்லாம் மெயின் கேம்பஸில் இருப்பதைப் படம் பிடித்துக் காட்டிவிட்டு, அலுவலகக் கட்டடத்தில் இரண்டு மாடியில் வகுப்பு நடத்தினால், நீங்கள் எதற்குப் பணம் கட்டுகிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பணக்கணக்கும் மாறும். மாணவர் விசாவுக்கு வாழ்க்கைச் செலவுப் பணத்தைக் காட்ட வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் லண்டன் என்றால் மாதம் 1,529 பவுண்டு, மற்ற இடங்களுக்கு 1,171 பவுண்டு, அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்கு. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 18,500இல் ஸ்காலர்ஷிப் 3,000, டெபாசிட் 5,000 கழித்தால் கட்டணத்தில் மீதி 10,500. லண்டனுக்கு வெளியே என்றால் இதோடு 10,539 சேர்த்து 21,039 பவுண்டு. லண்டன் என்றால் 13,761 சேர்த்து 24,261. வித்தியாசம் 3,222 பவுண்டு. பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே ஏறக்குறைய 3 லட்சத்து 87 ஆயிரம் ரூபாய். லெட்டரில் ஒரே ஒரு வரிக்கு இவ்வளவு விலை. இது விசாவுக்குக் காட்டும் தொகை மட்டும்தான். லண்டன் வாடகை இதற்குள் அடங்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

இப்போது பிளேஸ்மென்ட். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இந்த இடம்தான். கோவைக் கல்லூரியில் நடக்கும் கேம்பஸ் இன்டர்வியூ போன்ற ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். இது படிப்பின் ஒரு பகுதியாக ஏதாவது ஒரு நிறுவனத்தில் செய்யும் பணிப்பயிற்சி. அந்த இடத்தை மகளேதான் தேடிக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகம் பயோடேட்டா எழுதக் கற்றுத்தரும், நிறுவனங்களின் பட்டியல் தரும், அவ்வளவுதான். விதிமுறைகளில் 'பிளேஸ்மென்ட் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை' என்ற வாக்கியம் அநேகமாக இருக்கும். அதன் கீழே இன்னொன்றும் இருக்கும்: குறித்த தேதிக்குள் கிடைக்காவிட்டால் மாணவர் ஒரு வருடப் படிப்புக்கு மாற்றப்படுவார்.

மாற்றினால் என்ன என்று தோன்றலாம். பல்கலைக்கழகம் அதை விசா கொடுக்கும் பிரிட்டன் உள்துறைக்குத் தெரிவிக்கும். படிப்பு சீக்கிரம் முடிவதால் விசா நாளும் அதற்கேற்பக் குறையலாம். இரண்டு வருடக் கணக்கில் நீங்கள் திட்டமிட்ட லோன், வேலை தேடும் காலம் எல்லாம் தலைகீழாகும். விசாவுக்கு முன்பே கட்டும் சுகாதாரக் கட்டணமும் படிப்பின் நீளத்தைப் பொறுத்தது. வருடத்துக்கு 776 பவுண்டு. ஒரு வருடப் படிப்பு என்றால் முன்னும் பின்னும் சேரும் மாதங்களோடு 1,164 பவுண்டு வரும். இரண்டு வருடம் என்றால் 1,940. அப்புறம், அந்த பிளேஸ்மென்ட் வருடத்துக்கு என்று தனிக் கட்டணம் உண்டா என்று பாருங்கள். 18,500 என்பது இரண்டு வருடத்துக்கும் சேர்த்தா, முதல் வருடத்துக்கு மட்டுமா என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் புரியவில்லை. அதை எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள்.

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், பிளேஸ்மென்ட் கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டாலும் சமாளிப்போம் என்ற நிலையில் இருப்பவர்கள் மட்டும் இந்த இரண்டு வருடப் படிப்பை எடுக்கலாம். வீட்டுப் பத்திரத்தை வைத்துப் போகிற உங்களுக்கு, பிளேஸ்மென்ட்டில் வரும் சம்பளத்தை நம்பி ஒரு தவணை கூடக் கணக்குப் போடக் கூடாது என்பேன்.

ஸ்காலர்ஷிப் விஷயம் சுருக்கமாக. அந்த 3,000 பவுண்டு, குறித்த தேதிக்குள் டெபாசிட் கட்டுபவர்களுக்கு மட்டுமா, முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டுபவர்களுக்கா என்று பாருங்கள். சேர்க்கையை ஜனவரிக்குத் தள்ளிவைத்தால் பல இடங்களில் ஸ்காலர்ஷிப் கூடவே வராது, கட்டணமும் புது வருட விலைக்கு ஏறிவிடும். முக்கியமாக, விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் காஸ் என்ற ஆவணத்தில் அந்தக் கழிவும் நீங்கள் கட்டிய டெபாசிட்டும் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாவிட்டால் அந்தத் தொகையையும் சேர்த்து பேங்கில் காட்ட வேண்டி வரும்.

காஸ் பற்றி இன்னொன்று. டெபாசிட் கட்டிவிட்டால், கண்டிஷன்களை முடித்துவிட்டால் காஸ் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். விதிமுறைகளில் 'காஸ் தருவது பல்கலைக்கழகத்தின் முடிவுக்கு உட்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். காரணம் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர்களுக்கு விசா மறுப்பு 10 சதவீதத்தை எட்டினால் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அதற்கு இருக்கும் ஸ்பான்சர் உரிமத்துக்கே ஆபத்து என்பது பழைய விதி. 2025 மே மாதம் வந்த பிரிட்டன் அரசின் குடியேற்றக் கொள்கை வெள்ளை அறிக்கைக்குப் பிறகு அந்தப் பிடி இன்னும் இறுகியிருக்கிறது. அதனால் காஸ் தருவதற்கு முன் பல்கலைக்கழகமே வீடியோவில் இன்டர்வியூ வைக்கிறது. ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த ஊர், பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். அதில் திருப்தி இல்லை என்று காஸ் மறுத்தால் டெபாசிட் திரும்புமா? இதற்கான பதில் ரீஃபண்ட் பகுதியில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

பேங்க் பக்கம் வருவோம். சொந்தப் பணமாகக் காட்டினால் முழுத் தொகையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28ஆவது நாள், விசா விண்ணப்பிக்கும் தேதிக்கு 31 நாளுக்குள் வர வேண்டும். எஜுகேஷன் லோன் என்றால் 28 நாள் நிபந்தனை கிடையாது. ஆனால் லோன் சாங்ஷன் லெட்டர், விண்ணப்பிக்கும்போது ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. விசா கிடைப்பதைத் தவிர வேறு நிபந்தனை எதுவும் அதில் இருக்கக் கூடாது. நம் ஊர் பேங்க் லெட்டர்களில் 'சொத்து மதிப்பீட்டுக்கு உட்பட்டு', 'அடமானப் பத்திரம் முடிந்த பிறகு' என்றெல்லாம் வழக்கமாகப் போட்டுவிடுவார்கள். மேனேஜருக்கு அது சாதாரண வரி. விசா அதிகாரிக்கு அது மறுக்க ஒரு காரணம். எனவே அடமான வேலையை முதலில் முடித்துவிட்டு, பிறகு இறுதி லெட்டரை வாங்குங்கள். இப்போது நகையை வைத்துக் கட்டும் டெபாசிட்டை மார்ஜினாக, அதாவது லோனில் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்காக ஏற்றுக்கொள்வார்களா என்று டெபாசிட் கட்டுவதற்கு முன்பே மேனேஜரிடம் கேளுங்கள். ஏற்றுக்கொண்டால் நீங்கள் தனியாகப் புரட்ட வேண்டிய தொகை குறையும்.

கன்சல்டன்சி பற்றி. மாணவர் சேர்ந்த பிறகு பல்கலைக்கழகத்திடமிருந்து அவர்களுக்குக் கமிஷன் வரும். அது அந்தத் தொழிலின் நடைமுறை, அதில் குற்றம் இல்லை. ஆனால் 'டிக் பண்ணிடுங்க' என்று சொல்கிறவருக்கு டிக் பண்ணினால்தான் வருமானம் என்பதை நினைவில் வையுங்கள். இன்றைக்கே ஒன்றைச் சரிபாருங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கொடுத்திருக்கும் இமெயில் மகளுடையதா? பல கன்சல்டன்சிகள் மாணவர் பெயரில் தாங்களே ஒரு இமெயில் ஐடி உருவாக்கி, அதையே கொடுத்துவிடுவார்கள். பல்கலைக்கழகம் அனுப்பும் எச்சரிக்கை, கெடு தேதி, விதிமுறை மாற்றம் எல்லாம் அங்கே போகும். மகளுக்கு வருவது வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் மட்டும். போர்ட்டலுக்குள் மகளே தன் கைப்பட லாகின் செய்து பார்க்கட்டும். முடியவில்லை என்றால் பல்கலைக்கழக அட்மிஷன் அலுவலகத்துக்கே எழுதி இமெயிலை மாற்றச் சொல்லலாம். அசல் சர்டிபிகேட்டை எந்தக் காரணத்துக்கும் கன்சல்டன்சியில் கொடுத்து வைக்காதீர்கள். டெபாசிட்டையும் அவர்கள் கணக்குக்கு அனுப்பக் கூடாது. பல்கலைக்கழகம் அதன் போர்ட்டலில் சொல்லியிருக்கும் வழியில், உங்கள் கணக்கிலிருந்தோ மகள் கணக்கிலிருந்தோ மட்டும் போகட்டும். ரீஃபண்ட் என்று வந்தால் பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அங்கேதான் திருப்பி அனுப்புவார்கள்.

'பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தையும் இடத்தையும் நடத்தும் முறையையும் மாற்றலாம்', 'போதிய மாணவர்கள் சேராவிட்டால் படிப்பு நடக்காது' என்ற வரிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவை எல்லா இடத்திலும் உண்டு. மாற்றினால் மாணவருக்கு விலகும் உரிமையும் பணம் திரும்பப் பெறும் உரிமையும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நியாயமற்ற விதி நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது என்று பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் கரூரிலிருந்து அங்கே வழக்குப் போடுவது நடக்கிற காரியமா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாணவர் புகார்களைக் கட்டணமின்றி விசாரிக்கும் சுயேச்சையான ஓஐஏ என்ற அமைப்பு இருக்கிறது. ஆனால் அது மாணவராகப் பதிவு செய்தவர்களின் புகாரை எடுத்துக்கொள்ளும், அட்மிஷன் தகராறுகளை எடுத்துக்கொள்ளாது. ஆக, சேர்வதற்கு முன் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் எழுத்தில் வாங்கிய பதில்தான்.

லெட்டரில் இல்லாத, ஆனால் ஏஜென்ட் வாயில் வரும் இரண்டு விஷயங்களையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து இரண்டு வருடம் அங்கே தங்கி வேலை பார்க்கலாம் என்பது மகளுக்குப் பொருந்தாது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். படிக்கும்போது வேலை, வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம். முதுகலைக்குக் கோடையில் விடுமுறை என்று கிடையாது, டிஸர்டேஷன் என்ற ஆய்வறிக்கை எழுதும் காலமும் வகுப்புக் காலமாகவே எண்ணப்படும். ஆப் மூலம் உணவு டெலிவரி செய்வது சுயதொழில் கணக்கில் வருவதால் மாணவர் விசாவில் கூடவே கூடாது.

இந்தப் பத்து நாளை இப்படிப் பயன்படுத்துங்கள். இன்று இரவே மகள் தன் சொந்த இமெயிலிலிருந்து பல்கலைக்கழக அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுதட்டும். வகுப்பு எந்த வளாகத்தில் நடக்கும்? 18,500 பவுண்டு எத்தனை வருடத்துக்கு, பிளேஸ்மென்ட் வருடக் கட்டணம் எவ்வளவு? பிளேஸ்மென்ட் கிடைக்காவிட்டால் படிப்பும் விசாவும் என்ன ஆகும்? மதிப்பெண் குறைந்தாலோ, காஸ் மறுக்கப்பட்டாலோ, விசா மறுக்கப்பட்டாலோ டெபாசிட்டில் எவ்வளவு திரும்பும்? 14 நாள் ரத்து உரிமை எந்தத் தேதியில் தொடங்குகிறது? ஆஃபர் எண்ணைக் குறிப்பிட்டு இவ்வளவு கேட்டால் போதும். பதில் வரத் தாமதமானால் டெபாசிட் கெடுவை ஒரு வாரம் நீட்டிக்கக் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், இதற்காக ஆஃபரை ரத்து செய்யமாட்டார்கள்.

பதில்கள் திருப்தியாக இருந்தால் தயங்காமல் சேருங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வளாகம் பற்றியும் ரீஃபண்ட் பற்றியும் மழுப்பலாகப் பதில் வந்தால் நகையை வெளியே எடுக்காதீர்கள். பணம் அனுப்ப முடிவு செய்தால் கடைசி நாள் வரை வைத்திருக்க வேண்டாம். வெளிநாட்டுக்குப் போகும் பணம் சேர இரண்டு மூன்று வேலை நாள் பிடிக்கும். அனுப்பும் அன்று இருக்கிற விதிமுறைப் பக்கத்தை மகள் பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளட்டும், அவர்கள் பிறகு அதைத் திருத்தினாலும் நீங்கள் ஒப்புக்கொண்டது எது என்று காட்டலாம். பணம் அனுப்பியதற்கு பேங்க் தரும் ஸ்விஃப்ட் நகலில் மகளின் மாணவர் எண் சரியாக இருக்கிறதா என்று கவுன்டரில் நிற்கும்போதே பார்த்துவிடுங்கள்.